சுகர் டாக்டரின் எறும்புகள்

சுகர் டாக்டர் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட காலையில் அவருக்குப் பின்னால் எறும்புகள் வரிசையாக நடந்து வந்தன. கடிக்காத சின்னக் கறுப்பு எறும்புகள். வாசலில் கார் நின்ற இடத்தில் தொடங்கி, தாழ்வாரத்தின் இடது ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய அறை வரைக்கும் வந்து, கதவுக்கு வெளியே நின்றுகொண்டன. அவர் வார்டுக்குப் போனால் அவையும் வார்டுக்குப் போயின. அவர் லிஃப்டில் ஏறினால் அவை படியில் ஏறி, அவருக்கு முன்பே மேலே போய்க் காத்திருந்தன. அறுவை அரங்கத்து வாசலில் தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டை மட்டும் தாண்டவில்லை. அந்த ஒழுக்கம் அங்கே பட்டம் வாங்கியவர்கள் பலருக்கே கிடையாது. அன்றைக்குப் பூங்கொத்து கொடுத்த அதிகாரி எறும்பை மிதித்துவிடாமல் ஒற்றைக் காலைத் தூக்கியபடி கைகுலுக்கினார். போட்டோவில் இரண்டு பேரும் நடனமாடுவதுபோல விழுந்திருக்கிறது.

எறும்புகள் எதற்கு வருகின்றன என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. தெரியாமல் இல்லை. சர்க்கரை இருக்கும் இடத்துக்கு எறும்பு வரும் என்பது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல நடத்திக்கொண்டு போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் துப்புரவு மேற்பார்வையாளருக்கு மெமோ போனது. அடுத்து பூச்சிமருந்து அடிப்பவர் வந்தார். அவர் அடிக்கும்போது எறும்புகள் சுவரில் ஏறி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, அவர் போனதும் வரிசைக்குத் திரும்பின. அவர்தான் அந்த வாரம் முழுக்க இருமினார். பிறகு கேன்டீனில் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு வந்தது. கடைசியில், ஊழியர்கள் யாரும் பணியிடத்துக்கு இனிப்பு கொண்டுவரக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் கையெழுத்துப் போட்டது சுகர் டாக்டர்தான். காகிதத்தின்மேல் ஏறி வந்த எறும்பு ஒன்றை ஊதி ஒதுக்கிவிட்டுப் போட்டார்.

வெள்ளைக் கோட்டுக்கு வியாதி வராது என்பது அந்த மருத்துவமனையின் எழுதாத சட்டம். மீறி வந்துவிட்டால் அதைப் படிக்கட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே ஏறுகிற டாக்டர், இறங்குகிற டாக்டரிடம், "ரெண்டு நாளா நெஞ்சை அடைக்குதுப்பா," என்பார். இறங்குகிறவர் கால் நிற்காமலே, "கேஸா இருக்கும், ஒரு மாத்திரை போட்டுக்க," என்பார். இரண்டு பேரும் ஒரே படியில் இருக்கிற அந்த நொடிதான் வைத்தியம். தொட்டுப் பார்ப்பது கிடையாது, சக டாக்டரைத் தொட்டுப் பார்ப்பது அவரை நோயாளி என்று திட்டுவது மாதிரி. வேறு யாராவது நிச்சயம் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். இருதய டாக்டர் வெளியூர் போய்த் தன் இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்து, மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னார். ஏற்கெனவே ஒரு தடவை அதே மச்சினனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆஸ்துமா டாக்டர் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஹேலரை இழுத்துவிட்டு, வெளியே வந்து நோயாளிகளிடம், "வெக்கப்படாம எல்லார் முன்னாடியும் இழுக்கணும், தெரியுதா?" என்று அதட்டினார். முட்டி டாக்டர் பாடுதான் பரிதாபம். அவருக்கே முட்டி வலி என்பதால் லிஃப்டில்தான் போவார், படிக்கட்டு வைத்தியம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

சட்டத்தை மீறியவர் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சுகர் டாக்டரின் மனைவி, பெண்கள் வார்டின் பெரிய சிஸ்டர். மூட்டுகளை உள்ளேயிருந்து அரிக்கும் வாதம் அவருக்கு. விடிந்ததும் விரல்கள் வீங்கி, மடக்க வராமல் நிற்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக இறங்கிவரும். அப்போதிருந்த தலைமை மருத்துவரிடம் நேரே போய், "சார், காலைல என்னால ஊசிமருந்துக் குப்பிய உடைக்க முடியல. அதை மட்டும் வேற யாருக்காவது குடுங்க. மத்த எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்," என்றார். அவருக்கு உடனே அனுதாபம் கிடைத்தது. அனுதாபம் என்பது அங்கே வேலையைப் பிடுங்குவதற்கு முன்னால் கொடுக்கிற மயக்க மருந்து. அன்று முதல் சிஸ்டர் எதைச் சொன்னாலும் வியாதி பேசுவதாகவே எடுத்துக்கொண்டார்கள். பிரசவம் முடிந்த ஒரு பெண்ணின் உதடு நீலம் பாய்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்று அவர் கூப்பிட்டபோது, மீசை சரியாக முளைக்காத டாக்டர் ஒருவர், "சிஸ்டர், இன்னிக்கு உங்க மாத்திரைய போட்டீங்களா?" என்று கேட்டார். அன்று மாலையே அந்தப் பெண்ணைத் தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த வாரமே சிஸ்டரைத் துணி அறைக்கு மாற்றினார்கள், ஓய்வாக இருக்கட்டும் என்று. நனைந்த படுக்கை விரிப்பு என்ன எடை இருக்கும் என்று அறியாதவர்கள் எடுத்த முடிவு அது.

சுகர் டாக்டர் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர். ஆகவே தனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது வாயைத் தைத்துக்கொண்டார். தலைமை நாற்காலி அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"சொல்லிடுங்க," என்றார் சிஸ்டர், வீட்டில் சாப்பாட்டு மேசையில்.

"சொன்ன உன்னைத் துணி ரூமுக்கு அனுப்பினாங்க. என்னை எங்க அனுப்புவாங்க, பொண ரூமுக்கா?"

"அங்க போகாம இருக்கத்தாங்க சொல்லச் சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. நாற்காலி வந்தது, கூடவே எறும்பும் வந்தது.

ரத்தப் பரிசோதனைக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் ரத்தத்தைத் தன் உதவியாளர் ஒல்லியின் பெயரில் ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஒல்லி ஒரு குச்சி, காற்றடித்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. அவனுக்கு வந்த சர்க்கரை அளவைப் பார்த்து ஆய்வகத்துப் பெண்ணே பதறிப்போய் அவன் வீட்டுக்குப் போன் செய்துவிட்டாள். அவன் மனைவி அன்றிலிருந்து அவனுக்குச் சோற்றை அளந்து வைத்தாள், டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், சாயங்காலமானால் தெருமுனை வரைக்கும் ஓடவிட்டாள். ஏற்கெனவே இல்லாத உடம்பு இன்னும் இளைத்தது. "ஐயா, சர்க்கரை உங்களுக்கு, பத்தியம் எனக்கு. இது எந்த ஊரு நியாயம்?" என்று ஒருநாள் அவன் கேட்டே விட்டான். "கொஞ்ச நாள் பொறுத்துக்கடா," என்றார் டாக்டர். அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் அடுத்த பரிசோதனையிலும் அவனுடைய சர்க்கரை இறங்கவில்லை. கள்ளத்தனமாகத் தின்கிறான் என்று அவன் மாமியார் வந்து இரண்டு வாரம் தங்கிக் காவல் காத்தாள்.

எறும்புகளை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் நோயாளிகள். அவர்களுக்கு மெமோ அனுப்பும் பழக்கம் இல்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "சத்தியமா இனிப்பே தொடறதில்லைங்க," என்று சொல்லும் ஆளின் செருப்பை நோக்கி வரிசையிலிருந்து இரண்டு எறும்புகள் பிரிந்து போகும். அவ்வளவுதான், அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். எறும்பு திரும்பிப் பார்க்காமல் போனால் பரீட்சையில் தேறியதுபோல அவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். டாக்டரின் புகழ் ஏறியது. "எறும்பு பாத்தா டெஸ்டே வேணாம்" என்று பேசிக்கொண்டார்கள், ஆய்வகத்தில் வரும்படி குறைந்தது. காத்திருப்போர் பெஞ்சில் கிழவர்கள், டாக்டருக்கு எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று வரிசையின் நீளத்தை வைத்து உரக்கவே கணக்குப் போட்டார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியத்தை டாக்டர் மட்டும் பத்திரமாகக் காப்பாற்றிவந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான், ஆனால் இந்தப் பூனை கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டிருந்தது.

வருஷங்கள் போயின. டாக்டரின் தலை நரைத்தது, பாதங்கள் மரத்தன. தரை சில்லென்று இருக்கிறதா சுடுகிறதா என்பதை அவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். காலையில் ஷூ மாட்டும்போது சிஸ்டர் எதிரில் வந்து நிற்பார்.

"காலைக் காட்டுங்க."

"நான் டாக்டர்."

"அதனாலதான் கேக்கறேன்."

அவர் காட்டமாட்டார். குனிந்து பிடித்து இழுத்துப் பார்க்க சிஸ்டருக்கு அந்த நேரத்தில் விரல் மடங்காது. இரண்டு வியாதிகள் ஒரு வீட்டில் குடியிருந்தால் இப்படித்தான், ஒன்று செய்வதை இன்னொன்று தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்கும்.

நோயாளிகளுக்காக ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற கூட்டத்தில் பேசுவதற்காக அவர் புது ஷூ வாங்கினார். கூட்டத்துக்குத் தலைப்பு 'உங்கள் பாதம் உங்கள் கையில்'. அன்றைய காலையில் எறும்புகள் அவருக்குப் பின்னால் வரவில்லை. முன்னால் போயின. அவர் மேடையில் ஏறி, "முகத்தைத் தினம் கண்ணாடியில பாக்கறீங்க இல்ல? அதே மாதிரி காலையும் பாருங்க. வலிக்கலைன்னு இருந்துடாதீங்க. வலிக்காததுதான் ஆபத்து," என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவை மேடைப் படியேறி அவருடைய இடது ஷூவைச் சூழ்ந்துகொண்டன. முன்வரிசையில் இருந்த காய்கறிக்காரர் எழுந்து, "டாக்டர், மொதல்ல நீங்க அந்தச் செருப்பைக் கழட்டுங்க," என்றார். அரங்கம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார், கழற்றவில்லை. எறும்புகள் நாடாவின் முடிச்சை அவிழ்த்தன. அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவை ஷூவைக் கழற்றி, ஒரு சின்னப் படகைப்போலத் தூக்கிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கின. பிறகு திரும்பி வந்து காலுறையை உருவின. கட்டைவிரலின் அடியில், ஒரு காசு அகலத்துக்கு, கறுத்துப்போன புண் ஒன்று இருந்தது. முன்வரிசைக்கு வாடை எட்டியது. சிரிப்பு நின்ற இடத்தில்தான் டாக்டரும் பேச்சை நிறுத்தினார்.

அவரைத் தனி அறையில், ஏழாம் எண் படுக்கையில் படுக்க வைத்தார்கள். அந்த அறையில் படிக்கட்டு இல்லை என்பதால் டாக்டர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்து காலடியில் நின்று, புண்ணைப் பார்க்காமல் முகத்தையே பார்த்து, "சின்னக் காயம்தான் சார்," என்றார்கள். அறுவை டாக்டர் வந்து, "விரலை எடுக்கணுமோன்னு ஒரு யோசனை. சார் என்ன நினைக்கிறீங்க?" என்று நோயாளியிடமே கேட்டார். "ரெண்டு நாள் பாப்போமே," என்றார் நோயாளி. "நானும் அதையேதான் சார் நினைச்சேன்," என்றார் அறுவை டாக்டர், நிம்மதியாக. வாசலில் நின்ற சிஸ்டர், "அவரைக் கேக்காதீங்க, காலைப் பாருங்க," என்றார். யாரோ தோளில் தட்டி, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று அன்பாகச் சொன்னார்கள். அவருடைய மாத்திரையையும் நினைவுபடுத்தினார்கள்.

எறும்புகள் கட்டிலில் ஏறி, கட்டைவிரலின் அடியில் ஒரு கோடாக நின்றன. ஊசியால் நூல் ஓட்டியதுபோல அவ்வளவு நேரான கோடு. மறுநாள் அந்தக் கோடு பாதத்தின் நடுவுக்கு ஏறியிருந்தது. ஆஸ்துமா டாக்டர் வந்து, அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், "மருந்து நல்லா வேலை செய்யுது சார்," என்றார். டாக்டர் தனக்குத்தானே புது மருந்து எழுதினார், எழுதியதை எல்லோரும் பாராட்டினார்கள். அதற்கும் மறுநாள் கோடு கணுக்காலுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மரியாதைக்கும் மூன்று விரற்கடை.

அன்று காலை சிஸ்டர் துணி அறையில் பழைய பெட்டியைத் திறந்து வார்டு சீருடையை எடுத்தார். பித்தான்களை அவரால் போட முடியவில்லை, ஒல்லிதான் தலையைத் திருப்பிக்கொண்டு போட்டுவிட்டான். பார்வையாளராக வந்தால்தானே நேரம் முடியும். சீருடையில் வந்தவரை யாரும் தடுக்கவில்லை. நேரே படுக்கை அருகே போய் அறுவை டாக்டரிடம் கேட்டார்.

"வெளிய வண்டியில காய்கறி விக்கிறாரே, அவரோட கால் இது. என்ன செய்வீங்க?"

அறுவை டாக்டர் முதல்முறையாகக் குனிந்து காலைப் பார்த்தார். "முந்தாநாளே விரலை எடுத்திருப்பேன் சிஸ்டர்."

"இப்ப?"

அவர் எறும்புக் கோட்டைப் பார்த்தார். "இதுக்குக் கீழ எல்லாத்தையும்."

"அப்ப இவரைக் காய்கறிக்காரர்னு நெனச்சுக்கங்க."

படுக்கையிலிருந்து சுகர் டாக்டர், "இருங்கப்பா, அந்த ஆன்டிபயாட்டிக்க மட்டும் மாத்திப் பாத்துட்டு..." என்று தொடங்கினார்.

"ஏழாம் நம்பர், வாயை மூடிட்டுப் படுங்க," என்றார் சிஸ்டர். அவர் குரல் நடுங்கவில்லை.

அறுவை அரங்கத்து வாசலில் மயக்க டாக்டர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை, பழக்கதோஷத்தில், இவரிடமும் கேட்டுவிட்டார். "உடம்புக்கு வேற ஏதாவது வியாதி இருக்கா?" கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தள்ளுகட்டில் நின்றது. தள்ளிய ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். போர்வைமேல் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்று சொல்ல அங்கே எல்லோரும் தயாராக இருந்தார்கள், நாற்காலியும் தப்பிக்கும். சுகர் டாக்டர் மனைவியைப் பார்த்தார். சிஸ்டர் உதவி செய்யவில்லை.

"இருக்கு," என்றார். "சர்க்கரை. ரொம்ப வருஷமா."

மயக்க டாக்டர் புருவத்தை உயர்த்தி, "அப்படியா சார்!" என்று ஆச்சரியப்பட்டுக் குறித்துக்கொண்டார். எறும்புகள் அன்று சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போயின. யாரும் ஆட்சேபிக்கவில்லை. அறுவை டாக்டர் அவை நின்ற இடத்திலேயே வெட்டினார். ஒரு விரலோடு போயிருக்கவேண்டியது ஒரு பாதமாகப் போயிற்று. மிச்சக் காலை அவருடைய மனைவி மீட்டுக்கொடுத்தார்.

அதன்பிறகு புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. நாற்காலியை யாரும் பறிக்கவும் இல்லை. ஒரு டாக்டருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் கூரை இடிந்து விழும் என்று அத்தனை வருஷம் பயந்தவர்கள், விழாததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துபோனதுதான் மிச்சம். டாக்டர் செயற்கைப் பாதத்தோடு வந்து, நோயாளிகள் முன்னால் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார், அவர்களும் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினார்கள். சிஸ்டரை மறுபடி பெண்கள் வார்டில் போட்டார். பெண்டாட்டிக்குச் சலுகை என்றார்கள். காலையில் குப்பி உடைக்க ஒரு மாணவியை வைத்ததோடு அந்தச் சலுகை முடிந்தது, மற்றதெல்லாம் சிஸ்டர் பார்த்துக்கொண்டார். ஒல்லியின் ரத்தத்தை ஒல்லியின் பெயரிலேயே பரிசோதித்தபோது சர்க்கரை இல்லை என்று வந்தது. வியாதி போய்விட்டது என்று அவன் மாமியார் வேண்டுதல் எதையோ நிறைவேற்றக் கிளம்பினாள். "ஐயா கால் போச்சு, என் டீ வந்துச்சு," என்று அவன் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுதான். படிக்கட்டு வைத்தியம் மட்டும் தொடர்ந்தது. ஒரே வித்தியாசம், இறங்குகிறவர் இப்போது நின்று பதில் சொன்னார். இருதய டாக்டர் ஒருநாள் படியிலேயே உட்கார்ந்து சட்டைப் பித்தானைத் திறந்து, "தொட்டுப் பாருப்பா," என்றார். பார்த்தார்கள். மச்சினனுக்கு அதன்பிறகு கல்யாணம் ஆகவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு முற்பகலில், நோயாளி ஒருவருக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே சுகர் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இறந்துபோனார். நோயாளி, டாக்டர் யோசிக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். எறும்புகள் கலைந்து மேசையைச் சுற்றி நின்றதைப் பார்த்த பிறகுதான் குரல் கொடுத்தார்.

மருத்துவமனை அறிவிப்புப் பலகையில், நோய்நொடி அறியாத உடம்போடு கடைசி நிமிடம் வரை உழைத்த தலைமை மருத்துவர் என்று சாக்பீஸால் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டார்கள். சிஸ்டர் அதன் முன்னால் நின்று இரண்டு முறை படித்தார். நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டார்.

"அவருக்குச் சர்க்கரை இருந்துது. அதோடதான் உழைச்சாரு. அப்படியே எழுதுங்க."

"இந்த நேரத்துல அது நல்லா இருக்குமா மேடம்?"

"அதைச் சொல்றதுக்கு அவரு ஒரு பாதம் குடுத்தாரு தம்பி. நீங்க ஒரு சாக்பீஸ் குடுங்க."

அலுவலர் அழித்து எழுதினார். கையெழுத்து கோணலாக வந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

விடுப்பு முடிந்து சிஸ்டர் வேலைக்கு வந்த காலையில் விரல்கள் பத்தும் வீங்கியிருந்தன. கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். வாசலில் எறும்புகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவர் நடந்தார், அவை பின்னால் வந்தன. அவர் நின்று திரும்பினார்.

"எனக்குச் சர்க்கரை இல்ல. எனக்கு மூட்டு. தெரியுமில்ல?"

எறும்புகள் நகரவில்லை. சிஸ்டர் முந்தானையால் கண்ணைத் துடைக்க முயன்றார், விரல் பிடி கொடுக்கவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நான் மெதுவாத்தான் நடப்பேன். வரதுன்னா வாங்க."

வந்தன. அவருடைய நடைக்குத் தகுந்தபடி, வெயில் ஏறும் வரைக்கும் மெதுவாகவும் அதன்பிறகு கொஞ்சம் வேகமாகவும் வந்தன. புதிதாகச் சேருகிற நர்ஸ் பெண்களுக்குப் பெண்கள் வார்டில் முதலில் சொல்லித்தருவது ஊசி போடுவதோ காய்ச்சல் பார்ப்பதோ அல்ல. பெரிய சிஸ்டரைப் பின்தொடரும்போது எறும்புகளுக்கு இடம் விட்டு, அவற்றுக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்பதுதான்.